பிளாஸ்டிக் சர்ஜரி தழும்பு: சிலிக்கோன் ஷீட் அரிப்பைச் சரிசெய்த விதம்

தையல் பிரித்து, பொருக்கு முழுதும் உதிர்ந்த பிறகுதான், தழும்பைத் தட்டையாக்க மேலே ஒட்டும் மெல்லிய சிலிக்கோன் ஷீட்டை ஒட்டினேன். ஆனால் எடுத்த எடுப்பில் நாள் முழுக்க விட்டதில், மூன்றாம் நாள் ஓரம் நெடுக வேர்க்குரு போலச் சிவப்புப் புள்ளிகள், தாங்காத அரிப்பு. அடியில் தேங்கிய வியர்வையும் சரியாக அலசாத சோப்பும்தான் காரணம்.

தோல் ஆறும்வரை எடுத்துவிட்டேன். பிறகு தினம் 4 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு நாளுக்கொருமுறை 2 மணி நேரம் கூட்டி 12-க்குக் கொண்டுபோனேன். காலையும் இரவும் ஷீட்டையும் தழும்பையும் மணமில்லாத சோப்பால் கழுவி, நன்றாக அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். துண்டால் துடைத்தால் நூல் ஒட்டிப் பிடிப்பு போய்விடும். க்ரீம் தடவிய தோலில் நிற்கவே நிற்காது. பலன் தெரிய 2-3 மாதம் பிடிக்கும், பாதியில் விட்டுவிடாதீர்கள். சீழோ காய்ச்சலோ பரவும் சிவப்போ வந்தால் மட்டும் ஷீட்டை எடுத்துவிட்டு அன்றே அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.