பள்ளிக் கூரை மழையைக் கொண்டு முதல் செயல்திட்டத்தைத் தொடங்குவது எப்படி?

பாடத்தை நடத்தி முடித்த பிறகு, வீட்டில் சார்ட் அட்டையில் படம் ஒட்டி வரச் சொல்வதையே நம் பள்ளிகளில் பெரும்பாலும் செயல்திட்டம் என்கிறோம். அதில் பாதி வேலையைப் பெற்றோர் செய்துவிடுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். செயல்திட்டவழிக் கற்றலில் பாடமே அந்த வேலைக்குள்தான் நடக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதியபோது, மாணவர் முழு மனத்தோடு ஈடுபடும் நோக்கமுள்ள செயலையே அதன் உயிராகக் கொண்டார். அந்த நோக்கத்தை உண்டாக்குவது ஒரு நல்ல கேள்வி. எனவே, முதன்முறை முயலும் ஆசிரியர் கருவிகளையும் படிவங்களையும் தேடுவதற்கு முன், கேள்வியைத் தேர்ந்தெடுப்பதற்கே மிகுதியான நேரம் செலவிட வேண்டும்.

விடை பாடநூலிலோ இணையத்திலோ ஆயத்தமாக இருக்கக் கூடாது. பள்ளி வளாகத்திலேயே அளந்து கண்டறியக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த விடை யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் கேள்வி ஒன்றை ஏழாம் வகுப்புக்குப் பரிந்துரைக்கிறேன்: ‘நம் பள்ளிக் கூரையில் பெய்யும் மழைநீர், எத்தனை நாள்களுக்கு நம் பள்ளியின் தேவையை நிறைவு செய்யும்?’ தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், பள்ளி ஆண்டின் இரண்டாம் பருவம் இதற்கு ஏற்றது. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் வீதம் மூன்று வாரங்கள் ஒதுக்கினால் போதும். தொடங்குவதற்கு முன் தலைமை ஆசிரியரிடமும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடமும் பேசி, பரப்பளவு, அலகு மாற்றம், சராசரி ஆகியவற்றில் எவை இந்த வேலைக்குள் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பாடத்திட்டம் பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் நீங்கும்.

முதல் வகுப்பில் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடை காண எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று மாணவர்களிடமே கேளுங்கள். கூரையின் பரப்பு, மழையின் அளவு, பள்ளியின் தினசரித் தண்ணீர்ச் செலவு ஆகிய மூன்றும் அவர்கள் வாயிலிருந்தே வரும். வரத் தாமதமானால் பொறுத்திருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பின்னர் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு குழுக்களிடம் கொடுங்கள். இரு குழுக்களின் அளவுகள் வேறுபடும்போது எழும் வாதத்தில்தான் துல்லியமாக அளப்பதன் தேவை அவர்களுக்குப் புரிகிறது. மாணவர்கள் அளப்பதும் மாணவிகள் எழுதுவதுமாக வேலை பிரிந்துவிடாமல், பொறுப்புகளை வாரந்தோறும் மாற்றிவிடுங்கள்.

கூரையை அளக்க எவரும் மேலே ஏறக் கூடாது. கூரை விளிம்புக்கு நேர் கீழே தரையில் நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் போதும். சாய்வான கூரைக்கும் இதுவே சரியான அளவு. மழைமானிக்கு, பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, சமமற்ற அடிப்பகுதியைக் கூழாங்கல்லாலும் நீராலும் நிரப்பி, அந்த நீர்மட்டத்தைச் சுழியமாகக் குறித்து அளவுகோல் ஒட்டலாம். தண்ணீர்ச் செலவை அறிய, மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும் ஒரு நாளில் மோட்டார் எத்தனை முறை அதை நிரப்புகிறது என்பதையும் ஒரு வாரம் குறித்து வரச் செய்யுங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவிக்க வேண்டாம். கன அளவைக் கொண்டு அவர்களே கண்டடையட்டும். 25 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,600 லிட்டர். மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழையின் சராசரி ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் என்பதால், ஒரு பருவத்தில் அக்கூரையில் சுமார் 70,000 லிட்டர் சேரும். நாளொன்றுக்கு 2,000 லிட்டர் செலவிடும் பள்ளிக்கு அது 35 நாள்களுக்குப் போதும். அப்போது யாராவது ஒரு மாணவர், ‘அவ்வளவு நீரையும் எங்கே சேமிப்பது?’ என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பாடவேளையைத் தாராளமாகக் கொடுங்கள். தொட்டியா, கிணற்றுக்குத் திருப்புவதா, நிலத்தடியில் இறக்குவதா என்று ஒவ்வொரு குழுவும் காரணத்தோடு முடிவெடுக்கட்டும். என் பார்வையில் இந்தச் செயல்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

மதிப்பெண்ணை இறுதி அறிக்கையின் அழகுக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டில் அளவு, கணக்கு, மாற்றிக்கொண்ட முடிவு ஆகியவற்றைத் தேதியிட்டு எழுத வேண்டும். அதோடு, தம் குழுவின் கணக்கைத் தனியாக விளக்கச் சொல்லி ஓரிரு கேள்விகள் கேட்டால், யார் கற்றார், யார் உடனிருந்தார் என்பது தெளிவாகிவிடும். இதையே வளரறி மதிப்பீட்டுக்கான, அதாவது கற்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கான, செயல்பாடாகவும் பதிவு செய்யலாம்.

முடிவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் மாணவர்களே முன்வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ‘மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, இத்தனை லிட்டர் வீணாகிறது’ என்று எண்களோடு அவர்கள் சொல்லும்போது, பெரியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் அவர்களே விடை சொல்லட்டும். கூட்டம் எடுக்கும் முடிவை மறுநாள் வகுப்பில் அப்படியே தெரிவித்துவிட்டு, மழை அளவுக் குறிப்பேட்டை அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருவோருக்காக ஆய்வகத்தில் பாதுகாத்து வையுங்கள்.