ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விடும்போது: மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் பாட்டியும் சித்தியும் பார்த்துக்கொண்ட பிள்ளையை இங்கே யாரிடம் விடுவது என்ற கேள்வி, வேலை கிடைத்த முதல் மாதத்திலேயே எழுந்துவிடும். பக்கத்துத் தெருவிலுள்ள ஒரு தமிழ் அம்மாவோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்ணோ மாலையில் சில மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள இசைவார். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: மூச்சுத் திணறல் வந்தால் எங்களைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் மருந்து, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ், அதன் பிறகே நாங்கள்.

இதை வாயால் சொல்வதோடு எழுதியும் கொடுங்கள். பிறர் பிள்ளைக்கு மருந்து கொடுக்க நம்மவர் இயல்பாகவே தயங்குவார்கள். பஃபர், அதாவது வாயால் உறிஞ்சும் மருந்துக் குப்பி, பழகிவிடும், பிறகு அதை விட முடியாது என்ற எண்ணமும் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. நீலநிறப் பஃபரில் வரும் வென்டோலின், இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும் மருந்து என்பதையும், அதற்கு எவரும் அடிமையாவதில்லை என்பதையும், அதைக் கொடுத்ததற்காக நீங்கள் ஒருபோதும் கோபிக்கமாட்டீர்கள் என்பதையும் தெளிவாக்குங்கள். காலையும் இரவும் கொடுக்கும் தடுப்பு மருந்து வீட்டில் இருந்தால், அது திணறல் நேரத்தில் உதவாது என்று காட்டித் தனியே எடுத்து வையுங்கள்.

பெயரிலும் குழப்பம் வரும். யாழ்ப்பாணத்து அம்மா முட்டு என்பார், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் இழுப்பு அல்லது வீசிங் என்பார், உள்ளூர்ப் பெண்ணுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. ஆகவே நோயின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையின் உடலில் தெரியும் அடையாளங்களைச் சொல்லுங்கள். விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுவது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் போவது, இருமிக்கொண்டே இருப்பது ஆகியவை அவை. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள்; காற்றே போகாத அளவுக்கு நிலைமை முற்றும்போது அந்தச் சத்தம் அடங்கிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். நமது நிறத்தில் நீலம் பாய்வது எளிதில் தெரியாது என்பதால் உதட்டின் உட்புறத்தையும் ஈறுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாளே அரை மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி, உங்கள் கண்முன் செய்யவையுங்கள். பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. பஃபரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் எனப்படும், மருந்தைத் தேக்கித் தரும் குழாயில் பொருத்தி, ஒரு முறை அழுத்தியதும் பிள்ளை அதன் வழியாக நான்கு முறை மூச்சை இழுத்து விட வேண்டும். இப்படித் தனித்தனியாக நான்கு முறை கொடுத்த பின் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். குறையாவிட்டால் மறுபடி நான்கு. அப்போதும் குறையாவிட்டால் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு நான்காகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பேச முடியாத அளவுக்குத் திணறினால் எதற்கும் காத்திராமல் உடனே 000. ஸ்பேசரின் வாய்ப்பகுதியைச் சரியாகக் கவ்வத் தெரியாத சிறு பிள்ளைக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும்; மூக்கோரத்தில் இடைவெளி இருந்தால் மருந்து வெளியே போய்விடும். வெறும் ஸ்பேசரை வைத்தே பழகலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளிருக்கும் வால்வு மெல்லத் தட்டுவதைக் கேட்டு எண்ணப் பிள்ளைக்கே பிடித்துப்போகும்.

மருந்து ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாலை, பள்ளிப் பையில் போட்ட பஃபர் நான் ஓட்டிச் சென்ற காரிலேயே போய்விட்டது. வந்திருந்த அக்கா அலமாரி அலமாரியாகத் தேடினார். நல்ல வேளையாக அது வெறும் இருமலோடு போயிற்று. வென்டோலினை மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டின்றி மருந்தாளரிடமே கேட்டு வாங்கலாம் என்பதால், வீட்டுக்கென்று இன்னொன்றை வாங்கிச் சமையலறையில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் கண்ணில் படும்படி வைத்தோம்.

செய்யக் கூடாதவற்றை அன்பாகவே சொல்லுங்கள், ஏனெனில் அவையும் அன்பினால் செய்யப்படுபவை. சாம்பிராணி போடுவது, கொசுவர்த்தி ஏற்றுவது, மிளகாய் கருகும்படி தாளிப்பது ஆகியவை திணறலைத் தூண்டலாம். வெந்நீர் ஆவி பிடிக்கவைப்பதில் ஆஸ்துமாவுக்குப் பயன் இல்லை. பிள்ளைக்குக் கொதிநீர்ப் புண்தான் மிஞ்சும்.

இந்த நகரத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் மகரந்தம் நிறைந்திருக்கும் நாட்களில் இடிமழைக் காற்று வீசினால், ஈரத்தில் ஊறிய மகரந்தம் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களாகிறது. 2016 நவம்பர் 21 அன்று அப்படி வீசிய காற்றுக்குப் பின் பத்துப் பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியத் துணைக்கண்டத்திலும் பிற ஆசிய நாடுகளிலும் பிறந்தவர்கள் அதிகம். அந்த மாதங்களில் மாநில அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியில் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, புயல் நெருங்கும்போது பிள்ளையை உள்ளே வைத்து, கதவு சன்னல்களைச் சாத்தி, வெளிக்காற்றை இழுக்கும் கூலரை நிறுத்தச் சொல்லுங்கள்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்துமா செயல்திட்டத்தையும், அதனருகே உங்கள் முழு முகவரியையும், யூனிட் எண்ணும் அருகிலுள்ள குறுக்குத் தெருவும் உட்பட, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். ஆங்கிலம் சரளமாக வராதவர் 000-இல் ஆம்புலன்ஸ், தமிழ் என்ற இரண்டு சொற்களைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்பதில்லை. மாநில ஆம்புலன்ஸ் சேவையான ஆம்புலன்ஸ் விக்டோரியாவில் குடும்பத்துக்கான உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பியதும், பிள்ளை தூங்கியிருந்தாலும், எத்தனை மணிக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தார் என்று கேட்டுப் பஃபரின் பின்புறத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் மறுபடியும் மருந்து தேவைப்பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.