மாலத்தீவில் ஆசிரியர் வேலை: தம்பதியாகப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியவை

மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களில் கணக்கும் அறிவியலும் எடுக்கிற வாத்தியார்களில் தமிழ்நாட்டு ஆட்கள் நிறைய உண்டு. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்தே வேலை கிடைத்துவிட்டால் நல்ல யோகம்தான். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அங்குள்ள அலுவலகங்களின் கணக்கில் நீங்கள் தம்பதி கிடையாது, இரண்டு தனித்தனி ஊழியர்கள். வரப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்பும். அதனால் ஒவ்வொரு படியிலும் "இது இரண்டு பேருக்கும் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

படி 1: கையெழுத்துப் போடும் முன்

அந்த நாட்டில் ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். "இரண்டு பேருக்கும் மாலத்தீவில் வேலை" என்று ஏஜென்ட் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. நீங்கள் வடக்கே ஒரு தீவிலும் அவர் தெற்கே ஒரு தீவிலும் இருந்தால், சந்திக்க விமானம் ஏற வேண்டிவரும். அதனால் இரண்டு ஒப்பந்தத்திலும் தீவின் பெயரும் பள்ளியின் பெயரும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

கூடவே கேட்க வேண்டியவை: வீட்டு வாடகைப் படி இருவருக்கும் உண்டா, ஒருவருக்கு மட்டுமா? ஆண்டு விடுமுறை டிக்கெட் இருவருக்கும் ஒரே தேதியில் கிடைக்குமா? ஒருவர் வேலையை விட்டால் மற்றவர் நிலை என்ன? ஒருவர் சார்ந்திருப்போர் விசாவில் போனால், தனியாக வேலை அனுமதி வாங்காமல் வேலை பார்க்க முடியாது. "போன பிறகு பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஏஜென்ட் மூலம் போனால், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு செய்தவர்தானா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஓர் ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

படி 2: இனிஷியல் தகராறு

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பட்டச் சான்றிதழில் "எஸ். கவிதா" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். திருமணப் பதிவுச் சான்றில் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்கும். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது மூன்று ஆள். மூன்றும் ஒரே நபர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, எல்லா நகலோடும் சேர்த்து வையுங்கள். இருவருக்கும்தான், ஆண்களுக்கும் இந்த வம்பு உண்டு.

பட்டம், பிஎட், அனுபவச் சான்று, காவல்துறை நற்சான்று, திருமணச் சான்று ஆகியவற்றை ஆளுக்கொரு கோப்பில் போட்டு, கைப்பையிலேயே கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டு வைத்தால், பட்டத்தைச் சரிபார்க்க அனுப்பச் சொல்லும்போது ஓட வேண்டியதில்லை.

படி 3: பெட்டியில் வைக்கக் கூடாதவை, வைக்க வேண்டியவை

மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் சுங்கத்தில் தடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பும் குட்டிப் பிள்ளையார் ஊரிலேயே இருக்கட்டும். அது முழுக்க இஸ்லாமிய நாடு. வேறு மதத்தை வெளியில் தெரியும்படி கடைப்பிடிக்கக் கூடாது. உங்கள் நம்பிக்கை வீட்டுக் கதவுக்குள்ளே இருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

வைக்க வேண்டியது: குக்கர், அதற்கு இரண்டு உபரி காஸ்கெட், ஒரு வெயிட். தீவில் கடையில் எல்லாம் இருக்கும், உங்கள் குக்கர் அளவுக்கு காஸ்கெட் மட்டும் இருக்காது. மிக்ஸி அங்கேயும் ஓடும், மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் சுவரில் பெரும்பாலும் சதுரமான மூன்று முள் கொண்ட பிரிட்டிஷ் பிளக் என்பதால் அடாப்டர் நாலைந்து தேவைப்படும். புளி, சாம்பார்ப் பொடி, உளுந்து, கொசுவலை. பட்டுப்புடவை ஒன்று போதும். படகில் ஏறி இறங்க சுடிதார்தான் சௌகரியம்.

படி 4: இறங்கிய முதல் வாரம்

விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே தீவில். தலைநகர் மாலேக்கு 2018இல் திறந்த பாலம் வழியாக டாக்சியிலேயே போகலாம். இறங்கியதும் சிம் வாங்குங்கள். திராகு, ஊரீடூ என்று இரண்டு நிறுவனங்கள். ஒருவருக்கு அது, மற்றவருக்கு இது என்று வாங்கினால், ஒன்றில் சிக்னல் போனாலும் மற்றது இருக்கும். மாலேயில் நேரம் நம் ஊரைவிட அரை மணி பின்னால்.

மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி வேலைகளை முதலாளிதான் முடித்துத் தர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதி வாங்குங்கள்.

உங்கள் தீவுக்குப் படகில்தான் போகவேண்டுமென்றால், வெள்ளிக்கிழமையை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அன்று பெரும்பாலான படகுகள் ஓடாது, தொழுகை நேரத்தில் கடையும் மூடியிருக்கும். வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு காலை பள்ளி.

படி 5: பணம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சம்பளம் பெரும்பாலும் மாலத்தீவு ருபியாவில். வங்கி மாற்று விலைப்படி ஒரு டாலருக்கு 15.42 ருபியா. ஆனால் அந்த விலையில் வங்கி உங்களுக்குத் தரும் டாலருக்கு உச்சவரம்பு உண்டு. மிச்சத்தை வெளியில் வாங்கினால் விலை கூடுதல், அது சட்டப்படியும் சரியில்லை. ருபியாவை ஊருக்குக் கொண்டுவந்து மாற்றலாம் என்ற எண்ணமே வேண்டாம்; இங்கே அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் பார்க்கும் சம்பளத்தை அப்படியே நம் ரூபாயில் பெருக்கிச் சந்தோஷப்படாதீர்கள். வங்கியில் போய், "மாதம் எவ்வளவு வெளியே அனுப்பலாம்?" என்று கேட்டு, அந்தத் தொகையை வைத்து ஊர்க் கடன் தவணையைக் கணக்கிடுங்கள். இருவரும் தனித்தனி ஊழியர் என்பது இங்கேதான் லாபம்: கணக்கும் இரண்டு, அனுப்பும் வரம்பும் இரண்டு. கூட்டுக் கணக்கு ஒன்று போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் சம்பளத்தை ஊருக்கு அனுப்பவும் மற்றவர் சம்பளத்தைத் தீவுச் செலவுக்கும் சேமிப்புக்கும் என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இரண்டிலிருந்தும் பாதி பாதி அனுப்பினால், ஒரு சம்பளம் தாமதமானாலும் ஊரில் தவணை நிற்காது.

வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம், மாதம் 60,000 ருபியா வரை அங்கே வரி இல்லை. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை மட்டும் என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ப் பணத்துக்கு வைத்திருக்கும்) கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் வெளிநாட்டுப் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள்.

கடைகளில் பணம் கட்டுவது பெரும்பாலும் வங்கிச் செயலி வழியாகத்தான்.

படி 6: தண்ணீரும் அடுப்பும்

வீடு பார்க்கும்போது முதலில் குழாயைத் திறந்து மோந்து பாருங்கள். பல தீவுகளில் நிலத்தடித் தண்ணீர் உப்பும் துருவாடையுமாக வரும். தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். குடிக்க மழைநீர்த் தொட்டியா, கடல்நீரைச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரா, பாட்டிலா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே கேளுங்கள், ஏசி போட்டால் பில் எகிறும்.

சாயங்காலம் படகுத்துறைக்குப் போனால் அன்றைக்குப் பிடித்த சூரை மீன் மலிவாகக் கிடைக்கும். நாம் மாசி என்று வாங்கும் கருவாடு இந்தச் சூரையைப் பதப்படுத்தியதுதான். தேங்காய்க்குப் பஞ்சமில்லை, முருங்கையும் கறிவேப்பிலையும் பல வீடுகளில் நிற்கும். காய்கறிதான் கஷ்டம். சரக்குப் படகு வருகிற நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்து, அன்றே போய்விடுங்கள். மறுநாள் போனால் வெங்காயமும் உருளையும்தான் மிஞ்சும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்த காய் அங்கே கடையில் இருப்பதைப் பார்த்தால் விலையைக் கேட்காமல் வாங்கத் தோன்றும். கேட்டுவிட்டே வாங்குங்கள்.

படி 7: பள்ளிக்கூடம்

பாடமொழி ஆங்கிலம், அந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் மட்டும் திவேஹியில். மேல் வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு. ஐஜிசிஎஸ்இ (நம் பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் தேர்வு) என்றால் பாடக் குறியீடு கணக்குக்கு 0580, இயற்பியலுக்கு 0625, வேதியியலுக்கு 0620, உயிரியலுக்கு 0610. உங்கள் பள்ளி எந்தக் குறியீட்டில் எழுதுகிறது என்று கேட்டு, பழைய வினாத்தாளையும் அதன் மதிப்பெண் திட்டத்தையும் வாசியுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தி பத்தியாக எழுத வைத்துப் பழகியவர்களுக்கு, ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு சரியான கருத்து என்கிற இந்த முறை பிடிபடச் சில வாரம் ஆகும்.

பிள்ளைகள் "சார்", "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள், கடைத்தெருவிலும்தான். சின்னத் தீவு, நீங்கள் கடற்கரையில் சண்டை போட்டால் ஏழாம் வகுப்புக்குத் தெரிந்துவிடும். ரமலானில் பள்ளி நேரம் மாறும், பகலில் வெளியில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தனியாக டியூஷன் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். வேலை அனுமதி அந்த ஒரு முதலாளிக்கு மட்டுமானது.

திவேஹியில் "கிஹினே?" என்றால் எப்படி இருக்கிறீர்கள், "ரங்கலு" என்றால் நல்லா இருக்கேன், "ஷுகுரிய்யா" என்றால் நன்றி. ஆரம்பத்துக்கு இது போதும்.

படி 8: உடம்பும் ஊர்ப் பயணமும்

தீவில் சுகாதார நிலையம் இருக்கும், பெரிய சிகிச்சைக்கு அட்டோல் (தீவுக் கூட்டம்) மருத்துவமனை அல்லது மாலே. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் காப்பீட்டில் பிரசவம் சேர்ந்திருக்கிறதா என்று போய்ச் சேர்ந்த மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். டெங்கு உண்டு, தொட்டியை மூடி வையுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோகும். அந்த மாதங்களில் ஊருக்கு டிக்கெட் போட்டால், விமானத்துக்கு ஒரு நாள் முன்பே மாலே வந்து சேர்வது மாதிரி படகைப் பிடியுங்கள். விடுமுறை விண்ணப்பத்தையும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கொடுத்து, தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.