மலையேறும் லாரிக்கு இரண்டு மீட்டர்: எக்ஸாஸ்ட் சூடும் பூஸ்ட்டும் பார்க்க

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடு வண்டி இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது தண்ணீர்ச் சூடு மீட்டரின் முள் நடுவிலேயே நிற்கும். அதே நேரம் டர்போவுக்குள் (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போகிற புகை 700 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் சூடேற நேரமாகும். எக்ஸாஸ்ட் சூடு, ஆக்ஸிலேட்டரை மிதித்த சில நொடியிலேயே ஏறிவிடும். இந்தச் சூடு நீடித்தால் பிஸ்டன் தலை விரிசல் விடும், டர்போவும் போகும். முன்கூட்டிச் சொல்வதற்கு டேஷ்போர்டில் எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த இரண்டு மீட்டரும்: ஒன்று எக்ஸாஸ்ட் சூட்டுக்கு, இன்னொன்று பூஸ்ட்டுக்கு, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு.

இந்த முறை பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி) வரையிலான வண்டிகளுக்கு. பி.எஸ்.6 வண்டியில் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு சென்சார் கம்பெனியிலேயே வருகிறது. அதில் ஓட்டை போடாதீர்கள், வாரன்டியும் போய்விடும்.

வாங்க வேண்டியவை

52 மி.மீ. மீட்டர் இரண்டு. எக்ஸாஸ்ட் மீட்டரோடு கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) புரோப், 1/8 என்.பி.டி. மரை கொண்ட ஃபிட்டிங். 8.7 மி.மீ. டிரில் பிட், 1/8 என்.பி.டி. டேப் (மரை வெட்டும் கருவி). பூஸ்ட் மீட்டருக்கு நைலான் டியூப், டீ ஜாயின்ட். 2 ஆம்ப் ஃப்யூஸ், ரப்பர் குரோமெட், சூடு தாங்கும் ஸ்லீவ், கிரீஸ். வாங்கும்போதே வோல்ட்டைப் பாருங்கள். பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் மீட்டரை நேராகக் கொடுத்தால் சாவி போட்டதும் புகைந்துவிடும். 12 வோல்ட் மீட்டர்தான் கிடைத்தது என்றால் நடுவில் 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வேண்டும்.

புரோப் எங்கே போக வேண்டும்

இதுதான் முக்கியமான முடிவு. டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், எல்லா சிலிண்டர் புகையும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். டர்போவுக்குப் பின்னால் போட்டால் வேலை சுலபம். ஆனால் லோடில் 100 முதல் 150 டிகிரி வரை குறைத்துக் காட்டும், அந்த வித்தியாசமும் நிலையாக இருக்காது. சில ஆறு சிலிண்டர் மேனிஃபோல்டில் முன் மூன்று, பின் மூன்று என்று பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுச்சுவரில் டிரில் இறங்காமல் ஏதாவது ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டை போடுதல்

டர்போவைக் கழற்றிவிட்டுப் போடுவதே சரி. டர்பைன் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடக்கூடியது. ஒரு வார்ப்பிரும்புத் துணுக்கு போய் மோதினாலே இறகு சிதையும். கழற்ற முடியாத வண்டியில், டிரில் பிட்டின் பள்ளத்தில் கெட்டியாக கிரீஸ் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துத் துடையுங்கள். டேப் போடும்போதும் அப்படித்தான். கடைசியில் மெல்லிய காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவுங்கள். நுனி சுத்தமாக வரும்வரை விடக்கூடாது.

என்.பி.டி. மரை கூம்பு மரை. டேப்பை முழுதாக இறக்கினால் ஃபிட்டிங் இறுகாமல் புகை கசியும். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஃபிட்டிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இன்னும் இரண்டு மூன்று மரை வெளியே நிற்கும்போது நிறுத்திவிட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். புரோப் நுனி புகைப் பாதையின் நடுவில் நிற்கட்டும். எதிர்ச் சுவரைத் தொடக்கூடாது.

பூஸ்ட் டியூப்

இன்டர்கூலரை (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) தாண்டி, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். பல எஞ்சினில் அங்கே காலியான பிளக் ஒன்று இருக்கும். வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) போகிற ஹோஸை வெட்டி டீ போடுவது வேண்டாம். அந்த டியூப் என்றைக்காவது பிய்ந்தால் வேஸ்ட்கேட் திறக்காமல் பூஸ்ட் எல்லை மீறும். டியூப் எடுத்த இடத்திலிருந்து மேல்நோக்கியே ஏறட்டும். உள்ளே சேரும் ஆயில் ஈரம் திரும்பி வடிந்துவிடும்.

வயரிங்

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சாவி போட்டால் வரும் கரண்டை ஃப்யூஸ் வழியாக எடுங்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். விளக்கு வயர் டேஷ்போர்டு லைட்டோடு சேரும்.

புரோப் வயரில்தான் எலக்ட்ரீஷியன்களே தடுமாறுவார்கள். மஞ்சள், சிவப்பு என்று வந்தால் சிவப்புதான் நெகட்டிவ். பச்சை, வெள்ளை என்றால் வெள்ளை நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற முள் இறங்கும். வயர் எட்டவில்லை என்று சாதாரண செம்பு வயரை ஒட்டினால் அளவு தப்பும். கே டைப் வயரையே வாங்கி நீட்டுங்கள்.

கேபின் சாய்க்கிற வண்டியில் கீல் பக்கம் வயரும் டியூப்பும் முழங்கை நீளத்துக்குத் தளர்வாக வளைந்து கிடக்க வேண்டும். கிளிப் போடுவதற்கு முன் கேபினை முழுதாக ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஐடிலில் பூஸ்ட் பூஜ்யம்தான். நின்ற வண்டியில் முறுக்கினாலும் பெரிதாக ஏறாது, லோடு வேண்டும். தொப்பூர் ஏற்றமோ ஏற்காட்டு ரோடோ இதற்குப் பொருத்தம். டர்போவுக்கு முன் அளக்கும்போது 650 வரை ஏறலாம். 700-ஐ நெருங்கினால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். சுற்று கூடினால் காற்று அதிகம் வரும், சூடு இறங்கும். ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. கீழ் வளைவுகளில் தாங்கிய அதே மிதி மேலே சூட்டைக் கூட்டும்.

சூடு அதிகம், பூஸ்ட் குறைவு, கரும்புகை என்றால் இன்டர்கூலர் ஹோஸ் கசிகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரண்டும் குறைவாக, வண்டி இழுக்காமல் இருந்தால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். பூஸ்ட் சரியாக இருந்தும் சூடு மட்டும் ஏறினால் பம்ப்பில் டீசல் அதிகம் வைத்திருக்கிறார்கள், அல்லது டீசல் தெளிக்கும் டைமிங் பின்தங்கியிருக்கிறது.

மேலே போய் நின்றதும் எஞ்சினை அணைக்காமல் சூடு 200-க்குக் கீழே வரும்வரை ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். இறங்கி வந்து எஞ்சின் ஆறியபின் புரோப் ஃபிட்டிங்கை மறுபடி இறுக்குங்கள். அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது.