அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்களுக்கு: சமையலிலிருந்து தொடங்கும் ஒரு வார ஒழுங்கு

விடுதியில் இடம் கிடைக்காமலோ விடுதிக் கட்டணம் கட்ட இயலாமலோ, சென்னை போன்ற நகரத்தில் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, பாதி நாள் கல்லூரியிலும் மீதி நாள் ஏதேனும் ஒரு வேலையிலுமாகப் பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். படிப்பையும் வேலையையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று கேட்டால் வழி சொல்வதற்கு வீட்டில் அனுபவப்பட்டவர் யாரும் இருப்பதில்லை.

நேரம் போதவில்லை என்பதுதான் இவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் குறை. நேரத்தைப் பங்கிட்டு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். பத்து நாளில் அது கிழிந்துவிடும். முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது அடுப்படியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. இரவு பத்து மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவருக்கு அறையில் சாப்பாடு இல்லையென்றால், அன்று சம்பாதித்ததில் ஒரு பகுதி பரோட்டாக் கடைக்குப் போகிறது, தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது, மறுநாள் முதல் வகுப்பு தவறுகிறது, அதன் எரிச்சல் அறைத் தோழன் மீது விழுகிறது. பணம், தூக்கம், படிப்பு, மனநிலை ஆகிய நான்கும் அந்த ஒரு வேளைச் சோற்றில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

அடுப்படிக்குள் நுழையும் முன், உங்களால் மாற்ற முடியாத தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைப்பதிவுக்கு 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும்; ஆகவே கையில் இருப்பது 22 நாட்கள் மட்டுமே. காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் சேர்த்து அதில் 12 நாட்களையாவது ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சமுள்ள பத்து நாட்களை மட்டும் வேலைக்காக விடுப்பு எடுக்கலாம் என்று கணக்கிடுங்கள். வருகை குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதிவிடலாம் என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். அதை ஒரு வழியாக முன்கூட்டியே திட்டத்தில் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டணம் நீங்கள் வேலை செய்து ஈட்டிய பணத்திலிருந்துதான் போகும். தவறவிட்ட பாடமோ எந்தக் கட்டணத்தாலும் திரும்ப வராது.

கிடைக்கும் வேலைகளுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலை முகூர்த்த நாட்களை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் அது ஏறக்குறைய நின்றுவிடும், ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை அழைப்பு வரும். துணிக்கடை வேலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் கூடுதல் ஆட்களைத் தேடுவார்கள், கூலியும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் பல கல்லூரிகளில் நவம்பரில் வருவதால், தியாகராய நகரின் கூட்டமும் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாட்களும் ஒரே சமயத்தில் மோதிக்கொள்கின்றன. இந்த மோதலை ஜூலையிலேயே பார்த்துவிட்டவர்கள், ஆவணி முகூர்த்தங்களில் கூடுதலாகப் போய்ப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தீபாவளி வேலையை ஞாயிற்றுக்கிழமைகளோடு நிறுத்திக்கொள்ள முடியும்.

கல்லூரி காலை ஷிப்டில் என்றால் பிற்பகலில் டியூஷன், கடையில் பில் போடுவது போன்ற வேலைகள் பொருந்தும். மாலை ஷிப்டில் என்றால் விடியற்காலைப் பால், செய்தித்தாள் விநியோகமும் முற்பகல் வேலைகளும் பொருந்தும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலையை ஏற்க வேண்டாம் என்பேன். இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு கூலி கொடுத்தாலும் படிக்கிறவர்களுக்கு உகந்ததன்று. தேர்வு அட்டவணை வந்த அன்றே மேற்பார்வையாளரிடம், "அண்ணே, அடுத்த மாதம் 4ஆம் தேதியிலிருந்து எனக்குப் பரீட்சை. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன், மற்ற நாளுக்கு இன்னொரு பையனை நானே ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று தேதியோடும் மாற்று ஏற்பாட்டோடும் சொல்லுங்கள். முன்னதாகச் சொன்னவரைப் பெரும்பாலானோர் மீண்டும் வேலைக்கு அழைப்பார்கள். அன்று காலையில் தொலைபேசியை எடுக்காமல் இருந்தவரை அழைக்க மாட்டார்கள்.

இனிச் சமையல். நான்கு பேருக்கு 5 லிட்டர் குக்கர் ஒன்று, இரும்பு வாணலி ஒன்று, குழம்புக்கு அடி கனமான பாத்திரம் ஒன்று, குக்கருக்குள் வைக்கும் சிறு கிண்ணங்கள் இரண்டு, கத்தி, கரண்டிகள் ஆகியவை போதும். மின்கட்டணம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக வசூலிக்கும் அறைகளில் மின்னடுப்பை மட்டும் நம்பினால் செலவு கூடும். எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிறு சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம் என்பது அறை மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பெரிய வசதி. அறையில் காற்றோட்டமும், வீட்டுக்காரரின் சம்மதமும் இருந்தால் மட்டுமே அதை வாங்குங்கள்.

நான் பரிந்துரைக்கும் முறை எளியது: குழம்பை இரவில் வையுங்கள், சோற்றைக் காலையில் ஆக்குங்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத அறையில் மறுநாள் வரை தாங்கக்கூடியது புளிக்குழம்புதான். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நன்றாக வதங்கிய பின், எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த குழம்புப் பொடியும் உப்பும் சேர்த்து, எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கொதிக்க விடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் தேங்காய்க் குழம்பை அன்றே தின்று முடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியைக் காய வைத்தே உள்ளே விடுவதும், காலையிலும் மாலையிலும் ஒருமுறை கொதிக்க வைப்பதும் கட்டாயம்.

காலையில் எழுந்தவுடன் புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஏற்றினால், பல் துலக்கிக் குளித்து முடிப்பதற்குள் சோறு தயாராகிவிடும். அதே குக்கரின் உள்கிண்ணத்தில், மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்ட துவரம்பருப்பு வெந்துகொண்டிருக்கும். மதியத்துக்குக் கட்டும் டப்பாவில் வெறும் சோற்றைக் காட்டிலும் எலுமிச்சை, புளி அல்லது தயிர் கலந்த சோறு பாதுகாப்பானது. அந்தப் புளிப்புதான் கிருமிகள் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது. சென்னை வெயிலில் சமைத்த சோற்றைப் பல மணி நேரம் அப்படியே வைத்திருந்தால், அதில் வளரும் ஒருவகைப் பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை என்பதை அறையில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இரவு சோறு மிஞ்சினால் சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் அது பழைய சோறு. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டு அதை உண்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பதினொரு மணிக்குக் கேன்டீனைத் தேட வேண்டியிருக்காது. நாற்றமோ பிசுபிசுப்போ தட்டினால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சோறும் குழம்பும் மட்டுமே வாரம் முழுவதும் உண்டால் உடம்பு தளர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டையாவது இருக்க வேண்டும். முட்டை உண்ணாதவர்கள் பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊற வைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை விட்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் கீரை வாங்குங்கள். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு மறுநாள் மாலை சுண்டலாக்கினால், வேலைக்குக் கிளம்பும் முன் வயிறு நிறையும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவிடம் பலகாரம் கேட்பதைவிடப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வடகம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். பலகாரம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், இவை ஒரு மாதம் உங்களைக் காப்பாற்றும்.

கூட்டுச் சமையல் கெட்டுப்போவது பெரும்பாலும் பாத்திரத்தால்தான். சமைப்பவர் பாத்திரம் கழுவக்கூடாது, கழுவுகிறவர் அன்று சமைக்கக்கூடாது என்று முதல் வாரத்திலேயே முறை வைத்துவிடுங்கள். மாதத் தொடக்கத்தில் எல்லோரும் ஒரே தொகையைப் போட்டு, வாங்கியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை அரிசி டின்னின் மேலேயே வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வராதவர் மதியத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். கேட்டரிங் வேலைக்குப் போகிறவர் அங்கேயே சாப்பிட்டுவிடுவார் என்பதால், அவர் முன்னதாகச் சொல்லிவிட்டால் அவருடைய பங்கு வீணாகாது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வந்த அன்றே அதை மளிகைக்கென்று பிரித்துவிடுவது நல்லது. எவராலும் சமைக்க முடியாத நாட்களுக்கு 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சாப்பிடுவதில் கூச்சப்பட எதுவுமில்லை.

மனதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல் போவது, உடன் படிப்பவர்களின் உடையையும் கைப்பேசியையும் பார்த்துக் குன்றிப்போவது, ஊரில் அப்பா கடன் வாங்கியிருப்பதை நினைத்து உறங்காமல் இருப்பது, விரும்பியவர் விலகிப்போவது ஆகிய யாவும் சோர்வு என்ற ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கின்றன. அதனால் மனம் கனக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று என்ன சாப்பிட்டேன்? இந்த இரண்டும் சரியாக இல்லாத இரவில் படிப்பை விடுவது, வேலையை உதறுவது, உறவை முறிப்பது போன்ற எந்த முடிவையும் எடுக்காதீர்கள். சாப்பிட்டு உறங்கி எழுந்த பிறகும் கனம் குறையவில்லை என்றால் அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது என்று பொருள். அந்தக் காரணத்தைப் பெயர் சொல்லி ஒருவரிடமாவது பேசுங்கள்.

பாடம் புரியாத வருத்தத்துக்கு மருந்து ஆசிரியரிடம்தான் இருக்கிறது. வகுப்பு முடிந்து அவர் தனியாக நடக்கும்போது, "ஐயா, இந்தப் பகுதியைத் தமிழில் ஒருமுறை சொல்ல முடியுமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டே இருப்பது உங்களைத் தனிமைப்படுத்தும். கவலைப்படுத்தாத சிறிய உண்மைகளையாவது, "இன்றைக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்ததும்மா" என்ற அளவிலாவது, சொல்லிப் பழகுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டுக் கிடந்தாலோ, உயிரோடு இருப்பதில் பயனில்லை என்ற எண்ணம் ஒரேயொரு முறை தலைதூக்கினாலோ, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அறைத் தோழர் அப்படி இருந்தால் அவருக்காக நீங்கள் அழைக்கலாம்.

பொழுதுபோக்கைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமளிக்கும் செயல். கவிதை எழுதியவரும், கேரம் ஆடியவரும், பறை கற்றவரும் இரண்டாம் ஆண்டில் அதையெல்லாம் மறந்துவிட்டு, இரவு ஒரு மணிவரை கைப்பேசியில் விரலை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அது ஓய்வும் அன்று, பொழுதுபோக்கும் அன்று. உடம்பில் தெம்பு இருக்கும் வேளையில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இரண்டு மணி நேரத்தை விரும்பியதற்கென்று வையுங்கள். அதை வேலைக்கு விற்காதீர்கள். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துப் படிக்கவும் இடமிருக்கிறது என்பதால், பாடப் புத்தகமும் நாவலும் ஒரே பையில் போகலாம். மார்கழியில் கேட்டரிங் வேலை குறைந்திருக்கும்போது சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகள் பல இலவசமாக நடக்கின்றன. புத்தகக் காட்சியும் பொங்கலையொட்டியே வருகிறது.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ளலாம். வேலை ஞாயிறோடு நிற்கட்டும். சமையல் முறையை மாற்றி, தேர்வு முடிந்தவர் தேர்வு எழுதுகிறவருக்காகச் சமைக்கட்டும். அடுத்த வாரம் அவர் அதைத் திருப்பிச் செய்வார். இரவில் பருப்புப் பொடியும் நெய்யும் சோறும் முட்டையும் போதும். ஞாயிற்றுக்கிழமைக் காலையின் இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். அதையும் எடுத்துவிட வேண்டாம்.