டெக்ஸா அறிக்கையில் யாருடைய அளவுகோல்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? முதல் நாளே கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். கரையாத மாத்திரை முதுகெலும்புக்கு நேரே கிடந்தால் எலும்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இடுப்பில் செருகிய சுருக்குப்பை, அரைஞாண், கொசுவத்தில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும்.

அறிக்கையில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை. யாரோடு ஒப்பிட்டு வந்த எண் அது? தொடை எலும்புக் கழுத்துக்குப் பெரும்பாலும் 20 முதல் 29 வயதுள்ள அமெரிக்க வெள்ளையினப் பெண்களோடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2010-ல் இந்தியர்களுக்கென்றே அளவு வெளியிட்டது. அதில் போட்டால் முடிவு மாறலாம். எந்த அளவு என்று ஸ்கேன் எடுத்த இடத்திலேயே கேளுங்கள். இன்னொன்று: டெக்ஸா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்றுதான் பார்க்கிறது, எலும்பின் தடிமன் அதற்குத் தெரியாது. ஐந்தடிகூட இல்லாத நம் ஆயாக்களின் சிறிய எலும்பு, இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

ஆகவே அடுத்த பத்து ஆண்டில் எலும்பு முறியும் அபாயத்தைச் சொல்லும் ஃப்ராக்ஸ் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 40 முதல் 90 வயதுவரை பொருந்தும். இங்கே வசிப்பவருக்கு இந்தியக் கணக்கு. பிரான்சில் பிள்ளையோடு இருப்பவருக்கு அந்த நாட்டுக் கணக்கு. அது இனம் கேட்பதில்லை. சிங்கப்பூரில் சீனர், மலாய், இந்தியர் என்று தனித்தனி. அமெரிக்காவில்தான் வம்பு. 'ஆசியர்' என்று அழுத்தினால் இடுப்பு முறிவு அபாயம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். டி ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருப்பவருக்கு அங்கே இடுப்பு முறிவு அபாயம் 3 சதவீதத்தைத் தொட்டால் மருந்துப் பேச்சு தொடங்கும். வெள்ளையர் கணக்கில் 4 வந்த அம்மாவுக்கு ஆசியர் கணக்கில் 2, அந்த எண்ணை வைத்து மருந்து கிடையாது. எலும்பு அதேதான். மகளோ மகனோ இரண்டு எண்ணையும் மருத்துவர் முன் வைத்துக் கேட்கலாம். அடிப்படை ஃப்ராக்ஸில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குக் கட்டம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்தவருக்கு ஸ்கோருக்காகக் காத்திருக்க வேண்டாம், அதுவே எலும்புப்புரைதான். பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் எலும்பு மருந்து இருக்கிறதா பாருங்கள். பல நேரம் வலி மாத்திரையும் கால்சியமும் மட்டுமே இருக்கும். அலென்ட்ரோனேட் என்ற எலும்பு மருந்து 70 மில்லிகிராம் எழுதியிருந்தால் வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். காலைக் காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு தள்ளி வையுங்கள்.