பைக் வயரிங்: ஜாயின்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயரை முறுக்கி டேப் சுற்றினால் நிற்காது என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம். நல்ல வயர், நல்ல திம்பிள் (வயர் முனையில் நசுக்கி மாட்டுகிற உலோக முனை), ஸ்லீவ் (ஜாயின்ட்டை மூடுகிற குழாய்) எல்லாம் காசு கொடுத்து வாங்கிவிட்டு, போடுகிற விதத்தில் கோட்டை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. புதிதாகக் கை வைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப இவற்றைத்தான் செய்கிறார்கள்.

கட்டிங் பிளேயரால் திம்பிளை நசுக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பிளேயரால் நசுக்கினாலும் லைட் எரியும், இழுத்தாலும் வயர் கையோடு வராது. அதனால் தவறு நடந்ததே தெரியாது. ஆனால் பிளேயர் திம்பிளைத் தட்டையாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே செம்பு இழைகள் பக்கவாட்டில் விலகி, நடுவில் சந்து விழுந்துவிடும். கிரிம்பிங் டூல் திம்பிளின் இரண்டு காதுகளையும் உள்பக்கம் சுருட்டி, இழைகளுக்குள் இறக்கி, காற்றுப் புக இடமில்லாமல் இறுக்கும்.

சந்து இருந்தால் மழையிலும் வாட்டர் வாஷிலும் ஈரம் இறங்கும். செம்பு கறுக்கும், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறும். 10 ஆம்பியர் ஓடுகிற வயரில் 0.1 ஓம் கூடினாலே 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 10 வாட் சூடு கிளம்பும். ஓர் இண்டிகேட்டர் பல்பைக் கப்ளருக்குள் (வயர்களைச் சேர்க்கிற பிளாஸ்டிக் இணைப்புக்குள்) வைத்து எரிப்பதும் இதுவும் ஒன்று. சூட்டில் கப்ளருக்குள் இருக்கிற உலோகப் பின்னின் பிடி தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும்.

ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினில் கரண்ட் தயாரிக்கிற காயில்) ரெகுலேட்டருக்கு (அந்தக் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்குவது) போகிற கப்ளரில் இது நடந்தால் செலவு எங்கோ போய்விடும். சார்ஜ் ஏறவில்லை என்று முதலில் பேட்டரி மாற்றுவார்கள், அடுத்து ரெகுலேட்டர், அதற்கடுத்து ஸ்டேட்டர் காயில். எல்லாம் முடிந்து கப்ளரைக் கழற்றினால், ஒரே ஒரு பின் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி உட்கார்ந்திருக்கும். முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

வயரை 5 மி.மீ. உரியுங்கள். ஓர் இழை அறுந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். திம்பிள் வயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கட்டும், 0.75 சதுர மி.மீ. வயரைப் பெரிய திம்பிளில் மடித்து வைத்து நிரப்பக் கூடாது. முன்காதுகள் செம்பை மட்டும் பிடிக்கணும், பின்காதுகள் இன்சுலேஷனை மட்டும். அதிர்வைத் தாங்குவது பின்காதுதான். அதை விட்டுவிட்டால் வயர் கழுத்தில் ஒடியும்.

முடித்ததும் அளந்து பாருங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஜாயின்ட்டுக்கு முன்னே ஒரு முனை, பின்னே ஒரு முனை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கூடினால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சுமாரான கிரிம்ப் மேல் ஈயம் வைப்பது

கிரிம்ப் சரியில்லை என்று மேலே ஈயம் உருக்கினால், அது இழைகளுக்குள் ஏறி இன்சுலேஷனுக்கு அடியிலும் போய் உறைந்துவிடும். வளைந்துகொண்டிருந்த வயர் அங்கே கம்பி போல விறைக்கும். ஈயம் முடிகிற இடத்தில் அதிர்வு விழுந்து விழுந்து, இழை இழையாக அறும். வெளியே ஸ்லீவ் பளிச்சென்று இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

ஆசிட் ஃப்ளக்ஸ்

ஃப்ளக்ஸ் என்பது ஈயம் ஒட்டுவதற்குத் தடவுவது. அதில் ஆசிட் வகை வேண்டவே வேண்டாம். ரோசின் மட்டும்.

எர்த்துக்கு அடியில் பெயிண்ட்

எர்த் வயரை பாடியில் முடுக்குகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள்.

ஃப்யூஸை லைட் பக்கம் வைப்பது

ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும், 1.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், ரிலே (சுவிட்ச் வழியாக இல்லாமல் பெரிய கரண்ட்டைத் தானே ஆன்-ஆஃப் செய்வது) போடுங்கள்.

ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் ஜாயின்ட்

ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் வளைகிற இடம் இது. ஜாயின்ட்டை டேங்குக்கு அடியிலோ ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளோ தள்ளிவிடுங்கள். வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் டையைப் போடும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்கேயும் வயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகு கட்டுங்கள்.